கம்பெனி ரெண்டும் சேரப் போவுதாம்... ஷேர் வாங்கலாமா?



போன மாதம் சாரத்தில் நடந்த ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல், தவணை வசூல் எல்லாம் முடிந்து, புதுக் கடன் கேட்பவர்கள் பெயரை ஊக்குநர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு உறுப்பினர் 40,000 ரூபாய் கேட்டார். எதற்கு என்றால் "வீடு ரிப்பேர்" என்றார். பக்கத்தில் இருந்தவர் சும்மா இருப்பாரா? "போன வருஷம்தான ரிப்பேர் பண்ண? இப்ப இன்னா திரும்பவும்?" என்று கேட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்த அந்த அக்கா, பிறகு உண்மையைச் சொன்னார்.

"பையன் கேக்கறான் மேடம். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி நொடிச்சுப் போய் கெடக்குதாம். அத்த இன்னொரு பெரிய கம்பெனி சேத்துக்கப் போவுதாம். ரெண்டும் சேந்துட்டா ஷேர் வெலை ஏறிடுமாம். செல்போன்லயே வாங்கலாமாம். மூணு மாசத்துல பணத்தத் திருப்பிக் குடுத்துடறேன்றான். இது தப்பா மேடம்?"

சிலர் சிரித்தார்கள். சிலர் "எங்களுக்கும் சொல்லேன், நாங்களும் போடறோம்" என்றார்கள். கேள்வி நியாயமான கேள்விதான். தன் பணத்தில் ஷேர் வாங்குவது சட்டப்படி தப்பில்லை. ஆனால் நொடித்துப் போன கம்பெனியின் ஷேரை, இணைப்பு நடக்கப்போகிறது என்ற செய்தியை நம்பி, குழுவில் கடன் வாங்கி வாங்கலாமா? அன்றைக்கு அதைப் பற்றி அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். மற்ற குழுக்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஷேர் என்றால் என்ன?

நம் குழுவில் 15 பேர் மாதம் 200 ரூபாய் சேமிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த பணத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. கம்பெனியும் அப்படித்தான். அதன் மூலதனத்தைச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். அந்தப் பங்குதான் ஷேர். லாபம் வந்தால் அதில் ஒரு பகுதி பங்குதாரருக்குக் கிடைக்கலாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் குழுவில் யார் எப்படி என்று நமக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஷேர் வாங்கினவருக்கு அந்த வசதி கிடையாது. கம்பெனி வெளியிடும் கணக்கையும், அதைத் தணிக்கை செய்த ஆடிட்டர் கையெழுத்தையும் நம்பித்தான் வாங்குகிறார். ஷேர் விலையோ மார்க்கெட்டில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நாளைக்கு நல்லது நடக்கும் என்று பலர் நினைத்தால் ஏறும். பயந்தால் இறங்கும்.

ஷேர் வாங்குகிறவர்களில் இரண்டு வகை. கம்பெனியின் தொழிலைப் பார்த்து வாங்கி, பல வருடம் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. ஒரு செய்தியைக் கேட்டு வாங்கி, விலை ஏறியதும் விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் ஊக வணிகம் என்கிறோம். அக்காவின் மகன் கேட்டது இதைத்தான்.

இணைப்பு என்றால் என்ன?

இரண்டு குழுக்கள் ஒன்றாகச் சேர்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டு குழுவின் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். யாரிடம் எவ்வளவு கடன் நிற்கிறது, வங்கியில் எவ்வளவு இருக்கிறது, வராத தவணை எவ்வளவு என்று கணக்கு எடுக்க வேண்டும். பிறகு, அந்தக் குழு உறுப்பினருக்கு இந்தக் குழுவில் எவ்வளவு பங்கு என்று தீர்மானம் போட வேண்டும். யாராவது ஆட்சேபித்தால் பேசித் தீர்க்க வேண்டும். இரண்டு குழுவுக்கே இவ்வளவு வேலை.

கம்பெனி இணைப்பில் பங்குதாரர்கள், கடன் கொடுத்தவர்கள், மும்பையில் இருக்கும் பங்குச் சந்தைகள், அவற்றைக் கண்காணிக்கும் செபி அமைப்பு, அதற்கு மேல் நீதிமன்றம் அல்லது தீர்ப்பாயம் என்று பல படிகள் உண்டு. அறிவிப்பு வந்த நாளுக்கும் இணைப்பு முடியும் நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். நடுவில் நின்றுபோன இணைப்புகளும் உண்டு.

இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது. சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் கதை.

புலி மேல் சவாரி

சத்யம் கம்பெனி 1987ல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்டது. ராமலிங்க ராஜு என்பவர் தலைவர். சுமார் 50,000 பேர் வேலை பார்த்தார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையிலும் அதன் பங்கு விற்பனையானது. 2008 செப்டம்பரில், நல்ல நிர்வாகத்துக்காக கோல்டன் பீகாக் விருதுகூட வாங்கியது. அந்த வருடம் ஒரு பங்கு 500 ரூபாய்க்கு மேல் விற்றது.

2008 டிசம்பர் 16ஆம் தேதி கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மேட்டாஸ் என்ற பெயரில் இருந்த இரண்டு கட்டுமானக் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கப் போகிறோம் என்றது. அந்தக் கம்பெனிகள் ராஜுவின் மகன்கள் நடத்தியவை. சத்யம் என்ற பெயரை இங்கிலீஷில் எழுதி, கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தால் மேட்டாஸ் என்று வரும். 'நம்ம பணத்தை எடுத்து உங்க பிள்ளைங்க கம்பெனியை வாங்குறீங்களா?' என்று பங்குதாரர்கள் கொதித்துப் போனார்கள். ஒரே இரவில் அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். ஆனாலும் மறுநாள், சுமார் 226 ரூபாயில் இருந்த பங்கு 158 ரூபாய்க்கு இறங்கியது.

அதன் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 'கம்பெனி சிக்கலில் இருக்கிறது, வேறு பெரிய கம்பெனி ஒன்று இதை வாங்கிவிடும், அல்லது தன்னோடு சேர்த்துக்கொள்ளும்' என்ற பேச்சு கிளம்பியது. விலை மலிவாக இருக்கிறதே என்று பலர் வாங்கினார்கள். விலை மறுபடி ஏறி, 2009 ஜனவரி 6ஆம் தேதி 179 ரூபாயில் நின்றது.

மறுநாள், ஜனவரி 7ஆம் தேதி, ராஜு ஒரு கடிதம் கொடுத்தார். கம்பெனிக் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டியிருந்தார்கள். அதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே எழுதியிருந்தார். நம் கணக்கில் சொன்னால், பாஸ்புக்கில் 321 ரூபாய் இருக்கும்போது ரொக்கப் பதிவேட்டில் 5,361 ரூபாய் என்று எழுதி வைத்தது மாதிரி. வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இது நடந்திருக்கிறது. ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. மேட்டாஸை வாங்கப் போனதே இந்தப் பொய்க் கணக்கை நிஜச் சொத்தால் நிரப்புவதற்காகத்தான் என்று எழுதியிருந்தார். அதாவது, ஓட்டையை மறைக்கத்தான் அந்த இணைப்பே. குழுப் பணத்தைச் செலவு செய்துவிட்ட ஒருவர், கணக்குக் கேட்கும் நாள் நெருங்கும்போது, "என் பொண்ணு குழுவையும் நம்ம குழுவையும் ஒண்ணா சேத்துடலாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

முதலில் கொஞ்சமாகத்தான் கூட்டிக் காட்டினோம், வருடம் போகப்போகப் பெருகிவிட்டது, புலி மேல் சவாரி செய்தவன் இறங்கத் தெரியாமல் தவிப்பது போல் ஆகிவிட்டது என்றும் அவர் எழுதியிருந்தார். அன்று ஒரே நாளில் பங்கு விலை 40 ரூபாய் அளவுக்கு விழுந்தது. முதல் நாள் 10,000 ரூபாய்க்கு வாங்கியவர் கையில் சுமார் 2,200 ரூபாய்தான் மிச்சம். அடுத்த சில நாட்களில் பங்கு 12 ரூபாய்க்கும் கீழே போய் வந்தது.

அப்போது யாருக்குமே லாபம் இல்லையா?

அன்றைய கூட்டத்தில் ஒருவர் இப்படிக் கேட்டார். நல்ல கேள்வி. உண்மையைச் சொல்ல வேண்டும். லாபம் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டுப் புதியவர்களை நியமித்தது. அவர்கள் கம்பெனியை ஏலத்துக்கு விட்டார்கள். 2009 ஏப்ரல் 13ஆம் தேதி, ஒரு பங்குக்கு 58 ரூபாய் என்று டெக் மகிந்திரா கம்பெனி ஏலம் எடுத்தது. ஜனவரியில் 20, 25 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் அவர்கள் புத்திசாலிகளா? யோசித்துப் பாருங்கள். ஜனவரி மாதம் இந்தக் கம்பெனியில் எவ்வளவு பணம் இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. அடுத்த மாதச் சம்பளம் போடப் பணம் உண்டா என்றே சந்தேகமாக இருந்தது. ஏலம் நடக்காமல் கம்பெனியை மூடியிருந்தால் பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. கம்பெனி மூடினால் கடன் கொடுத்தவர்களுக்குப் போக மிச்சம்தான் பங்குதாரருக்கு என்பது சட்டம். ஜனவரி 6ஆம் தேதி வாங்கியவரும் சரி, அந்த மாதக் கடைசியில் வாங்கியவரும் சரி, இருவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒருவருக்குப் போச்சு, ஒருவருக்கு வந்தது. லாபம் வந்தவர் கதைதான் வெளியே பேசப்படும். போனவர் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்.

17க்கு 2 என்ற கணக்கு

அதன் பிறகு சத்யம், மகிந்திரா சத்யம் என்ற பெயரில் தனிக் கம்பெனியாக நடந்தது. 2012 மார்ச் 21ஆம் தேதி இதை டெக் மகிந்திராவோடு சேர்க்கப் போவதாக அறிவித்தார்கள். 17 சத்யம் பங்கு வைத்திருந்தால் 2 டெக் மகிந்திரா பங்கு தருவார்கள் என்பது கணக்கு.

இந்த மாதிரி சமயத்தில்தான் ஊக வணிகம் செய்பவர்கள் கால்குலேட்டரை எடுக்கிறார்கள். நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக முழு எண்ணில் ஒரு விலையை வைத்துக்கொள்வோம்.

டெக் மகிந்திரா பங்கு 850 ரூபாய் என்று வைப்போம். 2 பங்கு 1,700 ரூபாய். அதை 17ஆல் வகுத்தால் 100. அப்படியென்றால் ஒரு சத்யம் பங்கின் மதிப்பு 100 ரூபாய். ஆனால் மார்க்கெட்டில் அது 94 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இன்று வாங்கினால் இணைப்பு முடிந்ததும் 6 ரூபாய் லாபம். 'சுலபமாக இருக்கிறதே!' என்று தோன்றும்.

அந்த 6 ரூபாயை மார்க்கெட் ஏன் விட்டு வைத்திருக்கிறது? இணைப்பு நடக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயத்துக்கும், நடக்கும்வரை காத்திருப்பதற்கும் உண்டான கூலிதான் அது. யாரும் பார்க்காமல் கீழே கிடந்த பணம் இல்லை.

இனி அக்காவின் 40,000 ரூபாயை இதில் போட்டுப் பார்ப்போம். 94 ரூபாய் விலையில் 425 பங்கு கிடைக்கும். 39,950 ரூபாய் ஆகிறது. 17க்கு 2 என்ற கணக்கில் 425 பங்குக்கு 50 டெக் மகிந்திரா பங்கு வரும். 850 ரூபாய் விலை மாறாமல் இருந்தால் 42,500 ரூபாய். லாபம் 2,550 ரூபாய்.

எத்தனை நாளில்? அந்த இணைப்புக்கு மும்பை, ஆந்திரா என இரண்டு உயர் நீதிமன்றங்களின் அனுமதி தேவைப்பட்டது. ஆட்சேபம் சொன்னவர்களும் இருந்தார்கள். எல்லாம் முடிந்து கம்பெனிகள் ஒன்றானது 2013 ஜூன் மாதம். அதாவது 15 மாதம்.

குழுக் கடனுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை என்று வைத்தால், மாதம் 2,000 ரூபாய் அசல் கட்ட வேண்டும். முதல் மாத வட்டி 400 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் மாதம் 20 ரூபாய் குறையும். 15 மாதத்தில் கட்டிய வட்டி மட்டும் 3,900 ரூபாய்.

லாபம் 2,550. வட்டி 3,900. எல்லாம் நினைத்தபடியே நடந்தாலும் கையிலிருந்து 1,350 ரூபாய் போகிறது. புரோக்கர் கமிஷனும் வரியும் தனி. அந்த 15 மாதத்தில் அசலாக 30,000 ரூபாயை வீட்டுச் செலவிலிருந்து எடுத்துக் கட்டியிருப்போம். நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்து, அவசரத்துக்கு விற்கப் போகும் நாளில் விலை இறங்கியிருந்தால் என்ன ஆகும்? டெக் மகிந்திரா பங்கு 750 ரூபாய்க்கு இறங்கினாலே நம் 40,000, 37,500 ஆகிவிடும்.

நிஜத்தில் அந்த 15 மாதத்தில் டெக் மகிந்திரா விலை ஏறத்தான் செய்தது. காத்திருக்க முடிந்தவர்கள் லாபம் பார்த்தார்கள். ஆனால் அது இந்த 6 ரூபாய்க் கணக்கால் வந்த லாபம் இல்லை. டெக் மகிந்திரா பங்கே ஏறியதால் வந்தது. இறங்கியிருந்தால் அதே ஆள் அழுதிருப்பார். கடன் வாங்காத பணம் என்றால் காத்திருக்கலாம். ஒவ்வொரு மாதமும் தவணை தேதி வந்து நிற்கும் பணத்தை வைத்துக்கொண்டு கோர்ட் தேதிக்குக் காத்திருக்க முடியாது. இந்த வியாபாரத்துக்குக் குழுக் கடன் ஒத்துவராது என்று சொல்வதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

நஷ்டம் வந்தால் யாரைக் கேட்பது?

சத்யம் வழக்கில் ராஜு உட்பட 10 பேருக்கு 2015 ஏப்ரலில் 7 வருடச் சிறைத் தண்டனை விதித்தது சிறப்பு நீதிமன்றம். அதற்கு முன்பே 2014ல், 14 வருடம் பங்குச் சந்தைப் பக்கமே வரக்கூடாது என்று ராஜுவுக்கு செபி தடை போட்டது. அமெரிக்கச் சந்தையில் பங்கு வாங்கி ஏமாந்தவர்கள் அங்கே கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2011ல் 12 கோடியே 50 லட்சம் டாலர் தர கம்பெனி ஒப்புக்கொண்டது. இங்கே இருந்த சின்ன முதலீட்டாளர்களுக்கு அப்படிக் கூட்டு வழக்குப் போட அன்றைக்குக் கம்பெனிச் சட்டத்தில் வழி இல்லை. 2013ல் வந்த புதிய சட்டத்தில்தான் அதற்குப் பிரிவு சேர்த்தார்கள். தப்பு செய்தவர் ஜெயிலுக்குப் போகலாம். நம் 40,000 திரும்பி வரும் என்பதற்கு உறுதி இல்லை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

வீட்டில் பிள்ளைகளோ கணவரோ ஷேர் வாங்கப் பணம் கேட்டால் திட்ட வேண்டாம். உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. இது யார் பணம்? கடனா, நகை அடகா, அல்லது கையில் மிச்சமான பணமா?

2. இந்தப் பணம் முழுதும் போனால் ஸ்கூல் பீஸ், வாடகை, மருந்து எதுவும் நிற்காதா?

3. இணைப்பு என்ற செய்தி எங்கிருந்து வந்தது? உண்மையான அறிவிப்பு பங்குச் சந்தையின் இணையதளத்தில் கம்பெனி பெயரிலேயே வரும். வாட்ஸ்அப்பில் வந்தது செய்தி ஆகாது.

4. மூன்று மாதம் என்கிறாயே, 15 மாதம் ஆனால் காத்திருக்க முடியுமா?

5. யோசனை சொன்னவர் செபியில் பதிவு பெற்றவரா? அவருக்கு இதில் என்ன கிடைக்கிறது?

செபியின் இலவசத் தொலைபேசி எண் 1800 266 7575. சந்தேகம் இருந்தால் கேட்கலாம். இன்னொன்றும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 'ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்' என்று சொல்லும் ஊக வணிகத்தில் தனிநபர்களில் 10 பேருக்கு 9 பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று 2024ல் செபியே ஆய்வு வெளியிட்டிருக்கிறது.

தீர்மானப் புத்தகத்தில் எழுதியது

அன்றைக்கு அந்தக் குழு இரண்டு தீர்மானம் போட்டது. ஷேர் வாங்குவதற்குக் குழுவில் கடன் இல்லை. கடனுக்கு உண்மையான காரணத்தைத்தான் எழுத வேண்டும். இரண்டாவது தீர்மானத்தைக் கொண்டுவந்தது அந்த அக்காவேதான். "நான் ரிப்பேர்னு பொய் எழுதச் சொன்னேன். அந்தாளும் மொதல்ல கொஞ்சமாத்தான எழுதனாரு?" என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் மகனை உட்கார வைத்து 17க்கு 2 கணக்கைப் போட்டுக் காட்டினாராம். இந்த மாதக் கூட்டத்தில் விசாரித்தேன். "அவன் சம்பளத்துலேருந்து ரெண்டாயிரம் போட்டுப் பாக்கறேன்னு சொல்லிட்டான் மேடம். போனாலும் வந்தாலும் அவன் பாடு. எங்கிட்ட கேக்க மாட்டேன்னுட்டான்" என்றார். தன் பணம், தன் முடிவு. அது போதும்.

சகோதரிகளே, உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எல்லோரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள். இதே மாதிரி கேள்வி உங்கள் குழுவில் வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், நேரில் வந்து பேசுகிறோம்.

அன்புடன்,
களப்பணி ஒருங்கிணைப்பாளர்